பிடரியில் மூன்று மில்லிமீட்டர்: என்.டி. ஸ்கேன் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கர்ப்பம் 11 வாரத்தைத் தாண்டி 14 வாரத்தைத் தொடுவதற்குள் எடுக்கும் ஸ்கேனின் ரிப்போர்ட்டில் ‘என்.டி. 1.4 மி.மீ.’ என்பது போல ஒரு வரி இருக்கும். என்.டி. (நியூக்கல் டிரான்ஸ்லூசன்சி) என்பது கருவின் பிடரிக்குப் பின்னால் தோலுக்கு அடியில் தேங்கியிருக்கும் நீர்ப்பட்டையின் அளவு. பெரும்பாலான வீடுகளில் அந்த வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதயத் துடிப்பு இருக்கிறது, பிரசவத் தேதி இன்னது என்று தெரிந்ததும் ரிப்போர்ட் ஃபைலுக்குள் போய்விடும். அதே இடத்தில் 3.8 என்று இருந்தால் நிலைமை வேறு. அன்றிலிருந்து அந்த வீட்டில் தூக்கம் போய்விடும். யார் யாரோ ஃபோன் பண்ணுவார்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான் இந்தக் கட்டுரை. மரபணுக் கோளாறைப் பிறக்கும் முன்பே படத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியை ஆராய இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்கேன் மெஷினுக்குக் குரோமோசோம் தெரியாது, மரபணுவும் தெரியாது. அவை உடம்பில் செய்துவைத்த வேலை மட்டும்தான் தெரியும். அந்த வேலை படத்தில் தெரிகிற அளவுக்கு நடந்திருந்தால் பிடிபடும், இல்லாவிட்டால் பிடிபடாது. இந்த எல்லையை மறந்துவிட்டுத்தான் பலர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்கிறார்கள். ஒரு பக்கம் வீண் பயம், இன்னொரு பக்கம் வீண் நிம்மதி.

அளவுக்குப் பெரிய தோல்

லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் ஏர்ல்ஸ்வுட் என்ற காப்பகம் இருந்தது. அதன் பொறுப்பில் இருந்த டாக்டர் ஜான் லாங்டன் டவுன், அங்கிருந்தவர்களில் சிலருடைய முகமும் உடலமைப்பும் ஒரே சாயலில் இருப்பதைப் பார்த்து 1866-ல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்களை இன வாரியாகத் தரம் பிரிக்கும் அந்தக் கட்டுரையின் அடிப்படையே தவறு, இன்று அதை யாரும் ஏற்பதில்லை. ஆனால் அதில் ஒரு நுணுக்கமான கவனிப்பு இருந்தது. இவர்களுடைய தோலுக்கு இழுவைத்தன்மை குறைவு, உடம்பின் அளவுக்குத் தோல் பெரிதாக இருப்பது போலத் தெரிகிறது என்று எழுதியிருந்தார்.

கற்றல் தாமதத்தோடு வரும் இந்த நிலைக்கு அவர் பெயராலேயே டவுன் சின்ட்ரோம் என்று பெயர். அதன் காரணம் 93 வருடம் கழித்துத்தான் கிடைத்தது. 1959-ல் பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்பேன் மூவரும் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களிடம் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதைக் காட்டினார்கள். 1960-களின் நடுவில், தாயின் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்து, அதில் மிதக்கும் குழந்தையின் செல்களை வளர்த்துக் குரோமோசோமை எண்ணவும் முடிந்தது. அப்புறம் யாருக்கு ஊசி போடுவது என்ற கேள்வி வந்தது. எல்லாக் கர்ப்பிணிக்கும் வயிற்றில் ஊசி போட முடியாது. டென்மார்க்கில் 4,606 பெண்களை வைத்து நடந்து 1986-ல் வெளியான ஆய்வு, ஊசி போட்டதால் கூடுதலாக நூற்றில் ஒரு கர்ப்பம் கலைந்தது என்று காட்டியது.

எனவே வயதை வைத்துப் பிரித்தார்கள். தாய்க்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஊசி, இல்லையென்றால் வேண்டாம். 12-ஆம் வாரக் கணக்குப்படி 25 வயதுத் தாய்க்கு டவுன் சின்ட்ரோம் வாய்ப்பு சுமார் 950-ல் ஒன்று, 35 வயதில் 250-ல் ஒன்று, 40 வயதில் 70-ல் ஒன்று. வயது கூடக் கூட ஆபத்து கூடுவது உண்மைதான். ஆனால் பிள்ளை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் 35-க்குக் கீழே இருப்பவர்கள். அதனால் டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி ‘உங்களுக்கு ஆபத்து குறைவு’ என்று சொல்லி அனுப்பப்பட்ட இளம் தாய்மார்களுக்கே பிறந்தன.

இதற்கிடையில் ஸ்கேன் வளர்ந்துகொண்டிருந்தது. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு, இரும்பில் விரிசல் தேடப் பயன்பட்ட ஒலியலைக் கருவியை மனித வயிற்றில் வைத்துப் பார்த்து, 1958-ல் முதல் கட்டுரையை வெளியிட்டார். 1980-களில் படம் ஓரளவு தெளிவானதும் அமெரிக்காவில் பெரில் பெனாசெராஃப், நான்கைந்து மாதக் கருவில் பிடரித் தோல் 6 மி.மீ. அளவுக்குத் தடித்திருந்தால் டவுன் சின்ட்ரோமைச் சந்தேகிக்க வேண்டும் என்று சொன்னார். 1990-ல் ஹங்கேரியிலிருந்து ஒரு சிறு குறிப்பு வந்தது: பிடரியில் நீர் தேங்குவது முதல் மூன்று மாதத்திலேயே தெரிகிறது என்று.

827 கருக்கள்

லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கருநிலை மருத்துவ ஆய்வு மையத்தை நடத்திவந்தவர் சைப்ரஸில் பிறந்த கிப்ரோஸ் நிக்கோலைடஸ். வயது, குடும்ப வரலாறு, அல்லது பெற்றோரின் பயம் காரணமாகக் குரோமோசோம் சோதனைக்கு வந்த கர்ப்பிணிகளுக்கு, ஊசி போடுவதற்கு முன்பு ஸ்கேனில் கருவின் பிடரிக்குப் பின்னால் கறுப்பாகத் தெரியும் நீர்ப்பட்டையை அவருடைய குழு அளந்தது. ஊசியின் முடிவு எப்படியும் வரப்போகிறது. எனவே அளவையும் குரோமோசோமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

1992-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த முடிவு இது. மொத்தம் 827 கருக்கள். அதில் 28-க்குக் குரோமோசோம் கோளாறு. நீர்ப்பட்டை 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தவை 51. அந்த 51-ல் 18-க்குக் கோளாறு இருந்தது, அதாவது 35 சதவீதம். மீதி 776-ல் 10-க்கு மட்டும், ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்.

இதே எண்களைத் திருப்பியும் படிக்க வேண்டும். நீர் அதிகமிருந்த 51-ல் 33 கருவின் குரோமோசோம்கள் சரியாகவே இருந்தன. கோளாறு இருந்த 28-ல் 10 கருவுக்கு நீர் அதிகமில்லை. இன்றைக்கும் என்.டி. ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயமும் அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கின்றன. அளவு கூடினால் கோளாறு உறுதி என்று ஆகாது. அளவு சரியாக இருந்தால் கோளாறு இல்லை என்றும் ஆகாது.

நீர் ஏன் தேங்குகிறது? 11 முதல் 14 வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் பிடரியில் கொஞ்சம் நீர் இருக்கும். நிணநீர்க் குழாய்கள் வளர வளர அது தானாக வடிந்துவிடும். இதயம் சரியாக உருவாகாவிட்டாலும், நிணநீர்க் குழாய் வளர்ச்சி தாமதமானாலும், தோலுக்கு அடியில் இருக்கும் இணைப்புத் திசுவின் தன்மை மாறினாலும் நீர் கூடும். பெண் குழந்தைக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் மட்டும் இருக்கும் டர்னர் சின்ட்ரோமில் நிணநீர் வழி அடைபட்டுப் பிடரியில் பெரிய நீர்ப்பையே தெரியும். டவுன் சின்ட்ரோமில் இணைப்புத் திசுவின் பங்கு முக்கியம். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் ஆறாம் வகையை உருவாக்கும் இரண்டு மரபணுக்கள் 21-ஆம் குரோமோசோமின் நுனியில் இருக்கின்றன. குரோமோசோம் மூன்றானால் அவையும் மூன்றாகின்றன, தோலின் கட்டுமானம் மாறுகிறது, நீர் தேங்க இடம் கிடைக்கிறது. தோல் உடம்புக்குப் பெரிதாக இருக்கிறது என்று 1866-ல் ஒருவர் வெறும் கண்ணால் பார்த்து எழுதியதற்கு அடியில் இருந்த காரணம் இதுதான்.

அளப்பது எப்படி

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என்.டி. நின்றதும் தடுமாறியதும் இங்கேதான்.

அளக்க வேண்டியது ஒன்று, இரண்டு மில்லிமீட்டர். குழந்தையோ தலை முதல் பிட்டம் வரை 45 முதல் 84 மி.மீ. நீளம். அது சும்மா படுத்திருக்காது, துள்ளும், திரும்பும். முதலில் அது பக்கவாட்டில் நேராகக் கிடைக்க வேண்டும். மூக்கு நுனி, மேல் அண்ணம், மூளையின் நடுப்பகுதி மூன்றும் ஒரே வெட்டில் தெரிந்தால்தான் நேர்க்கோட்டில் இருக்கிறது என்று அர்த்தம். தலையும் நெஞ்சின் மேல்பாதியும் மட்டும் திரையை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். தலை அண்ணாந்திருந்தால் அளவு சுமார் 0.6 மி.மீ. கூடிவிடும், மோவாய் நெஞ்சில் இடித்திருந்தால் 0.4 மி.மீ. குறைந்துவிடும். பனிக்குடச் சவ்வும் குழந்தையின் முதுகுத் தோலும் திரையில் ஒரே மாதிரி வெள்ளைக் கோடாகத் தெரியும். குழந்தை சவ்வின்மேல் சாய்ந்திருந்தால், தோல் என்று நினைத்துச் சவ்வை அளந்துவிடும் ஆபத்து உண்டு. அதற்கு வழி, குழந்தை நகரும்வரை காத்திருப்பதுதான். தாயை இருமச் சொல்வார்கள், வயிற்றை லேசாகத் தட்டுவார்கள். குழந்தை துள்ளி சவ்வை விட்டு விலகியதும் எது தோல் என்று தெரிந்துவிடும். சில குழந்தைகளுக்குக் கழுத்தைச் சுற்றிக் கொடி இருக்கும், அதற்கு மேலும் கீழும் தனித்தனியாக அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

பிறகு அளவுக் குறிகளை வைப்பது. குறியின் குறுக்குக் கோடு வெள்ளைக் கோட்டின்மேல் சரியாக உட்கார வேண்டும், கறுப்புக்குள் இறங்கக் கூடாது, வெளியே நிற்கவும் கூடாது. கறுப்புப் பட்டை அதிகபட்சமாக அகன்றிருக்கும் இடத்தில் ஒரு முறைக்கு மேல் அளந்து, விதிப்படி வந்த அளவுகளில் பெரியதை எடுக்க வேண்டும். மெஷின் 0.1 மி.மீ. துல்லியத்தில் எண்ணைக் காட்டும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்தான் ஒரு குடும்பத்தை ஊசி வரை கொண்டுபோகிறது, அல்லது வீட்டுக்கு அனுப்புகிறது.

1990-களின் நடுவில் வேறு பல மையங்கள் இதைச் செய்துபார்த்தன. சிலவற்றுக்கு லண்டன் போலவே முடிவு வந்தது, சிலவற்றுக்கு மிக மோசமாக வந்தது. இந்த முறையே பயனற்றது என்று எழுதியவர்களும் உண்டு. பார்க்கப் பார்க்க, அளக்கும் கைதான் மாறுகிறது என்று தெரிந்தது. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் சுமார் 80 முறை செய்த பிறகே ஒருவருடைய அளவுகள் நிலையாகின்றன என்று ஒரு ஆய்வு சொன்னது. அதனால் நிக்கோலைடஸ் 1995-ல் தொடங்கிய ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் வழியாகப் பயிற்சி, தேர்வு, சான்றிதழ் என்று ஓர் ஏற்பாடு வந்தது. சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதாது. எடுத்த படங்களையும் அளவுகளின் பரவலையும் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். ஒருவருடைய அளவுகள் வழக்கமாகவே சராசரிக்குக் கீழே வருகின்றன என்றால் அவருக்கே தெரியாமல் எத்தனையோ கோளாறுகளை விட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த பகுதி இதுதான். புதிய கண்டுபிடிப்பைப் பாராட்டும் அளவுக்கு, அதை ஆயிரம் கைகளுக்கு ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்த வேலையை நாம் பாராட்டுவதில்லை. நம்மூரில் ஸ்கேன் சென்டர்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆனால் என்.டி. அளக்கும் பயிற்சியும் ஆண்டுதோறும் சரிபார்ப்பும் உள்ள இடம்தானா என்று கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. தயங்காமல் கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான்.

96,127 கர்ப்பங்கள்

அந்தப் பயிற்சியின் பலன் 1998-ல் லான்செட் இதழில் தெரிந்தது. இங்கிலாந்தில் 22 மையங்கள், பயிற்சி பெற்ற 306 ஸ்கேன் நிபுணர்கள், 96,127 கர்ப்பங்கள். தாயின் வயதையும் என்.டி. அளவையும் சேர்த்துக் கணக்கிட்டு, 300-ல் ஒன்று அல்லது அதற்கு மேல் வாய்ப்பு வந்தால் ‘ஆபத்து அதிகம்’ என்று வைத்தார்கள்.

டவுன் சின்ட்ரோம் இருந்த 326 கருக்களில் 268 அந்த வலையில் சிக்கின, 82.2 சதவீதம். மற்ற குரோமோசோம் கோளாறுகள் 325-ல் 253 சிக்கின. அவற்றோடு எந்தக் குரோமோசோம் கோளாறும் இல்லாத 7,907 கருக்களும் சிக்கின. கூட்டிப் பார்த்தால் ‘ஆபத்து அதிகம்’ என்று சொல்லப்பட்ட 8,428 பேரில் 521 பேருக்குத்தான் உண்மையில் கோளாறு. அதாவது ஏறத்தாழ பதினாறு பேரில் ஒருவருக்கு. இந்தக் கணக்கை ரிப்போர்ட் கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிட்டால் எத்தனையோ வீடுகளில் அழுகை மிச்சமாகும். ‘ஹை ரிஸ்க்’ என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது மருத்துவமே ஆகாது.

அதற்குப் பிறகு ரத்தமும் சேர்ந்தது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் இரண்டு பொருட்களைத் தாயின் ரத்தத்தில் அளந்தார்கள். நம் லேப்களில் டபுள் மார்க்கர் என்று சொல்வது இதைத்தான். டவுன் சின்ட்ரோமில் ஒன்று கூடும், மற்றது குறையும். வயது, என்.டி., ரத்தம் மூன்றையும் சேர்த்தால் 5 சதவீதத் தவறான எச்சரிக்கைக்குள் சுமார் 90 சதவீதம் பிடிபட்டது. 2001-ல் மூக்கெலும்பும் கணக்கில் வந்தது: 59 டவுன் சின்ட்ரோம் கருக்களில் 43-க்கு இந்தப் பருவத்தில் மூக்கெலும்பு தெரியவில்லை, குரோமோசோம் சரியாக இருந்த 603-ல் 3-க்கு மட்டும் தெரியவில்லை.

டென்மார்க்

ஒரு நாடு முழுவதும் இதைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க் பதில் தந்தது. 2004-ல் வயது வித்தியாசமின்றி எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்த முதல் மூன்று மாதச் சோதனையை விருப்பத்தின்பேரில் கொடுக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டியது. டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த குழந்தைகள் 2000 முதல் 2004 வரை வருடத்துக்கு 55 முதல் 65. அது 2005-ல் 31, 2006-ல் 32 ஆனது. வயிற்றில் ஊசி போட்டுச் செய்த சோதனைகள் 2000-ல் 7,524. 2006-ல் 3,510.

ஊசி பாதியானது எந்தக் கணக்கிலும் நல்ல செய்தி. முன்பு வயதை மட்டும் பார்த்து ஊசி போட்டுக் கலைந்துபோன, கோளாறே இல்லாத கர்ப்பங்கள் காப்பாற்றப்பட்டன. பிறப்பு பாதியானதை அதே மூச்சில் வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோளாறு தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கர்ப்பத்தைக் கலைக்க முடிவெடுத்தார்கள். அது அவர்களுடைய முடிவு, அதில் குறைசொல்ல வெளியாருக்கு உரிமையில்லை. ஆனால் அந்த முடிவுக்கு முன்னால் அவர்களுக்கு என்ன சொல்லப்படுகிறது என்பது மருத்துவர்களின் பொறுப்பு. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும், இன்று அதை அறுவை செய்து சரிசெய்ய முடிகிறது. வசதியான நாடுகளில் அவர்களுடைய சராசரி ஆயுள் 60 வயதைத் தொட்டுவிட்டது. கற்றல் தாமதமாகும், சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. படத்தைப் பார்த்து இதன் அளவைச் சொல்ல எந்த ஸ்கேனாலும் முடியாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு குடும்பம் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அது தெரிந்து எடுத்த முடிவு. ‘குறை இருக்கு, எடுத்துடுங்க’ என்ற ஒற்றை வரியில் எடுத்தால் அப்படிச் சொல்ல முடியாது.

ரத்தத்தில் மிதந்த டி.என்.ஏ.

1997-ல் டென்னிஸ் லோ என்ற ஹாங்காங் விஞ்ஞானியும் சக ஆய்வாளர்களும் தாயின் ரத்த நீரில் குழந்தையின் டி.என்.ஏ. துண்டுகள் மிதப்பதைக் காட்டினார்கள். ஆண் குழந்தையைச் சுமந்த தாய்மாரின் ரத்தத்தில் ஒய் குரோமோசோமின் சுவடு இருந்தது. 2011 முதல் இது என்.ஐ.பி.டி. என்ற சோதனையாகப் புழக்கத்துக்கு வந்தது. டவுன் சின்ட்ரோமில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுகிறது, தவறான எச்சரிக்கை ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான். அப்படிப் பார்த்தால் இனி என்.டி. எதற்கு?

பலரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். ஒரே ஒரு கோளாறைத் தேடும் கருவியாக மட்டும் என்.டி.யைப் பார்த்தால் அதன் காலம் முடிந்தது என்றே சொல்லலாம். ஆனால் நீர் தேங்குவதற்கு 21-ஆம் குரோமோசோம் மட்டும் காரணம் இல்லை. கிங்ஸ் மருத்துவமனைக் குழு 1999-ல், குரோமோசோம் சரியாக இருந்த 29,154 கர்ப்பங்களைப் பார்த்தது. பெரிய இதயக் குறை இருந்தவை 50. அதில் 28 கருவுக்கு என்.டி. முதலிலேயே கூடுதலாக இருந்தது. பிற்கால ஆய்வுகளில் இந்த விகிதம் குறைவாகவே வந்தது, ஆனாலும் இதயத்தைக் கவனித்துப் பாருங்கள் என்று சொல்லப் போதுமான காரணம் அது. அந்தத் தகவலை ரத்தச் சோதனை தராது.

நூனன் சின்ட்ரோம் என்று ஒன்று உண்டு. இதய வால்வுக் குறை, குட்டையான உருவம், நிணநீர்ப் பிரச்சினை எல்லாம் சேர்ந்தது. இதில் குரோமோசோம் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஒரே ஒரு மரபணுவில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு பி.டி.பி.என்.11 என்பதில், ஒரு எழுத்து மாறியிருக்கும். வழக்கமான என்.ஐ.பி.டி. இதைப் பார்ப்பதில்லை, குரோமோசோமில் சிறு துண்டுகள் விடுபட்டிருக்கின்றனவா, கூடியிருக்கின்றனவா என்று தேடும் மைக்ரோஅரே சோதனையிலும் தெரியாது. வெளியே தெரியும் முதல் தடயம் பல நேரங்களில் பிடரி நீர்தான். அதைப் பார்த்துச் சந்தேகம் வந்தால்தான் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் சோதனைக்குப் போவார்கள்.

பிரிட்டனில் நடந்த பேஜ் ஆய்வு 2019-ல் லான்செட்டில் வந்தது. ஸ்கேனில் ஏதோ ஒரு குறை தெரிந்த 610 கருக்களின் எக்ஸோமைப் படித்ததில் 52-க்கு, அதாவது 8.5 சதவீதத்துக்கு, காரணமான மரபணு கிடைத்தது. எந்தக் குறை தெரிந்தது என்பதைப் பொறுத்து இது மாறியது. எலும்புக் குறை என்றால் 65-ல் 10. இதயக் குறை என்றால் 81-ல் 9. என்.டி. மட்டும் கூடியிருந்து வேறு குறை எதுவும் இல்லாவிட்டால் 93-ல் வெறும் 3. படம் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறதோ அவ்வளவுக்குத்தான் மரபணுச் சோதனையாலும் பதில் சொல்ல முடிகிறது. என்.டி. மட்டும் கொஞ்சம் கூடியதும் எக்ஸோம் வரை ஓடி, கையில் இருப்பதை எல்லாம் செலவழிக்க வேண்டிய கட்டாயம் எல்லாருக்கும் இல்லை.

படத்தில் வராதவை

அகோண்ட்ரோபிளேசியா என்ற குட்டை உருவக் கோளாறை எடுத்துக்கொள்வோம். எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 மரபணுவில் ஏற்படும் ஒரே மாற்றம் காரணம். அது கருவுற்ற நாளிலிருந்தே இருக்கிறது. ஆனால் தொடை எலும்பு சுமார் 24 வாரம் வரை கிட்டத்தட்டச் சரியான வேகத்தில்தான் வளரும், அதற்குப் பிறகுதான் பின்தங்கும். உறுப்புக் குறைகளைத் தேடும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனில் ‘கை கால் நீளம் சரி’ என்று எழுதியிருப்பதும் உண்மை, ஏழாம் மாதத்தில் ‘எலும்பு குட்டையாக இருக்கிறது’ என்று எழுதியிருப்பதும் உண்மை. யாரும் தவறு செய்யவில்லை. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 80 சதவீதம் பேரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள், எனவே முன்கூட்டியே சந்தேகிக்கவும் வழியில்லை.

பீட்டா தலசீமியா இன்னும் தெளிவான உதாரணம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் ஓடுகிறது, அதில் பீட்டா சங்கிலியே தேவையில்லை. பிறந்து சில மாதம் கழித்து அது மாறும்போதுதான் நோய் வெளியே வரும். எத்தனை விலையுயர்ந்த மெஷினில் பார்த்தாலும் அந்தக் குழந்தை ஸ்கேனில் முழு ஆரோக்கியமாகவே தெரியும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் நோயும் இப்படித்தான். பெற்றோர் இருவருக்கும் ரத்தச் சோதனை செய்து, இருவருமே நோயில்லாமல் குறை மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் என்று தெரிந்தால், நஞ்சுத் திசுவிலோ பனிக்குட நீரிலோ ஊசிவழிச் சோதனை செய்துதான் குழந்தைக்கு இருக்கிறதா என்று அறிய முடியும்.

தமிழ்நாட்டில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டும் வழக்கம் இந்தியாவிலேயே அதிகம் உள்ள பகுதிகளில் நம்முடையதும் ஒன்று. இருவரிடமும் ஒரே குறை மரபணு இருந்தால் வரும் நோய்கள் இப்படிப்பட்ட திருமணங்களில் கூடுதல். அவற்றில் பலவும், தசைகள் தளர்ந்துபோகும் எஸ்.எம்.ஏ. உட்பட, ஸ்கேன் படத்தில் வழக்கமாகத் தெரியாதவை. ‘எல்லா ஸ்கேனும் எடுத்தாச்சு, நார்மல்னு சொல்லிட்டாங்க’ என்று நம்பி, குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை இறந்த கதையை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது நடக்கிறது. அந்தக் கதைதான் அங்கே ஸ்கேனைவிட முக்கியமான தடயம்.

3.8 வந்த வீட்டுக்கு

சரி, ரிப்போர்ட்டில் 3.8 வந்துவிட்டது. இனி என்ன?

3.5 முதல் 4.4 மி.மீ. வரை உள்ள பிரிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு கருவுக்குக் குரோமோசோம் கோளாறு இருந்தது என்று கிங்ஸ் குழுவின் தொகுப்பு சொல்கிறது. அதே பிரிவில் நூற்றில் சுமார் 70 குழந்தைகள் பெரிய குறை எதுவும் இல்லாமல் பிறந்தன. 6.5-க்கு மேல் போனால் கணக்கு தலைகீழாகும், நூற்றில் 15 குழந்தைகள்தான் நலமாகப் பிறந்தன. எனவே ‘என்.டி. அதிகம்’ என்ற சொல் போதாது. எத்தனை மி.மீ., அன்று குழந்தையின் நீளம் எவ்வளவு, அளவு எந்த மென்பொருளில் கணக்கிடப்பட்டது என்று கேட்டு வாங்க வேண்டும்.

3.5-ஐத் தாண்டிவிட்டால் என்.ஐ.பி.டி. மட்டும் செய்துவிட்டு நிம்மதி அடைவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. ஊசிவழிச் சோதனையும் மைக்ரோஅரேயும் தான் அங்கே நேரான வழி. 11 முதல் 14 வாரத்தில் நஞ்சுத் திசு, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர். அனுபவமுள்ள கைகளில் இன்று ஊசியால் கர்ப்பம் கலையும் ஆபத்து அரை சதவீதத்துக்கும் குறைவு. 1986-ன் ஒரு சதவீதத்தைச் சொல்லி இன்னும் பயமுறுத்துகிறவர்கள் உண்டு.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1994-ல் இயற்றி 2003-ல் திருத்திய பி.சி.பி.என்.டி.டி. சட்டம் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கிறது, குரோமோசோம், மரபணுக் கோளாறுகளுக்கான சோதனையைத் தடுக்கவில்லை. பதிவு பெற்ற மையத்தில், எழுத்தில் சம்மதம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி, கருவில் கணிசமான குறை இருப்பதாக மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வார வரம்பு பொருந்தாது. எனவே முதல் வாரத்திலேயே அவசரப்பட்டு முடிவெடுக்கும் நெருக்கடி, சட்டத்தின் பக்கமிருந்து இல்லை.

ஊசியின் முடிவு சரியாக வந்துவிட்டால் குடும்பம் பாதிப் பாரத்தை இறக்கிவைக்கலாம். மீதிப் பாதிக்கு 20 முதல் 22 வாரத்தில் எடுக்கும் விரிவான ஸ்கேனும், இதயத்துக்கென்று தனியாக எடுக்கும் எக்கோவும் இருக்கின்றன. அதற்குள் பிடரி நீர் வடிந்து, உறுப்புகளும் இதயமும் சரியாக இருப்பதாகத் தெரிந்துவிட்டால், அந்தக் குழந்தையின் வளர்ச்சி மற்றக் குழந்தைகளுடையதிலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதைச் சொல்லும்போது அம்மாவும் அப்பாவும் மட்டுமல்ல, ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்களும் பக்கத்தில் இருந்து கேட்பது நல்லது.